கணக்கு டீச்சர் பரிந்துரை தர மறுத்தால்? அமெரிக்க அரசுப் பள்ளிகளின் விதியும் பெற்றோர் செய்யக்கூடியதும்

கேள்வி இது. சான் ஹோசே பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. மகள் 8ஆம் வகுப்பு. அடுத்த ஆண்டு 9ஆம் வகுப்புக்கு இரண்டு தனியார் பள்ளிகளுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். இரண்டு பள்ளிகளும் இந்த ஆண்டின் ஆங்கில ஆசிரியர், கணக்கு ஆசிரியர் இருவரிடமிருந்தும் பரிந்துரை கேட்கின்றன. ஆங்கில ஆசிரியை சரி என்றுவிட்டார். கணக்கு ஆசிரியர் மட்டும், "தனியார் பள்ளிப் படிவங்களை நாங்கள் நிரப்புவதில்லை, அது எங்கள் விதி, ஆபீஸில் கேளுங்கள்" என்று இரண்டு வரி மின்னஞ்சலோடு முடித்துக்கொண்டார். இப்படி மறுக்க அவருக்கு உரிமை உண்டா, நாங்கள் வெளியேறுவது பிடிக்காமல் செய்கிறார்களா, விண்ணப்பம் இதோடு போய்விடுமா, அவர் எழுதினால் அதை நாங்கள் பார்க்கலாமா என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறார்.

மறுக்கலாம். பெரும்பாலும் உங்கள் மேல் கோபத்தால் மறுப்பதில்லை. விண்ணப்பம் போய்விடாது. பார்க்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் பதினான்கு ஆண்டுகள் நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுத்தவள் நான். என் மகளுக்காக இதே படிவங்களுக்கு இன்னோர் ஆசிரியர் பின்னால் நடந்தவளும்தான். அதனால் மேஜையின் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

முதலில் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் காதில் இது 'சிபாரிசு' என்று விழுகிறது. ஊரில் சிபாரிசு என்றால் வேலை நடப்பதற்காகப் பெரிய மனிதரிடம் வாங்கும் கடிதம். எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் நாலு வரி, கீழே பச்சை மையில் கையெழுத்து. அதில் குறை எழுதுவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பள்ளி மாறும்போது தலைமை ஆசிரியர் தரும் நன்னடத்தைச் சான்றிதழும் அப்படித்தான். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாசகம். கல்லூரி முடித்து மேல்படிப்புக்கு வரும்போதோ, கடிதத்தை மாணவரே டைப் செய்து கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் கையெழுத்து வாங்குவது பல இடங்களில் வழக்கம். இந்தப் பழக்கங்களோடு இங்கே வந்து நின்றால், கணக்கு ஆசிரியர் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு முரண்டு பிடிக்கிறாரே என்றுதான் தோன்றும்.

இங்கே அவரிடம் கேட்கப்படுவது கையெழுத்தே இல்லை. படிவத்தைத் திறந்தால் முதலில் கட்டங்கள்: அறிவு ஆர்வம், தானாக வேலை செய்யும் திறன், குழுவில் பழகும் விதம், நேர்மை, வயதுக்கேற்ற முதிர்ச்சி, திருத்தினால் ஏற்றுக்கொள்ளும் குணம். ஒவ்வொன்றுக்கும் சராசரிக்குக் கீழே என்பதில் தொடங்கி, என் பணிக்காலத்தில் கண்ட மிகச் சிறந்த சிலரில் ஒருவர் என்பது வரை ஒரு தரவரிசை. அப்புறம் எழுத்துக் கேள்விகள். இந்த மாணவரை நினைத்ததும் தோன்றும் மூன்று சொற்கள் என்ன என்று பல படிவங்கள் கேட்கும். எனக்கு எப்போதும் அதிக நேரம் பிடித்தது அந்த மூன்று சொற்கள்தான். 'நல்ல, புத்திசாலி, உழைப்பாளி' என்று எழுதினால் படிப்பவர் கொட்டாவி விடுவார்; வேறு எழுத வேண்டுமானால் அந்தப் பிள்ளையை உண்மையாகவே கவனித்திருக்க வேண்டும். ஆக இது ஒரு ரகசிய மதிப்பீடு. சேர்க்கை அலுவலகத்துக்கு மட்டும் போகும். நல்லதும் இருக்கும், குறையும் இருக்கும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். எந்தப் பள்ளியின் விதியைப் படித்தாலும் அடியில் ஒரு கோடு ஓடுவதைப் பார்க்கலாம். பதிவேடு வேறு, கருத்து வேறு. மதிப்பெண், வருகை, தேர்வு முடிவு, இவற்றின் தொகுப்பான டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் பதிவேடு. அவற்றைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. 1974இல் வந்த ஃபெர்பா என்ற கூட்டாட்சிச் சட்டம் அதைத் தருகிறது. கேட்ட 45 நாளுக்குள் பள்ளி காட்டியாக வேண்டும். கலிபோர்னியாவில் இன்னும் கறார்: ஐந்து வேலை நாள். பிள்ளை சேர விரும்பும் வேறு பள்ளிக்கு அவற்றை அனுப்பவும் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் ஆபீஸ் உங்களிடம் ஓர் ஒப்புதல் படிவம் வாங்கிக்கொண்டு அனுப்பும்.

ஆசிரியரின் கருத்து அப்படி இல்லை. உங்கள் மகள் வகுப்பில் தயங்கித் தயங்கிக் கை தூக்குவாளா, தப்பு வந்தால் ரப்பரை எடுப்பாளா அழுவாளா என்பது அவர் கண்ணால் கண்டு மனதில் வைத்திருப்பது. அதை அவர் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கூட்டாட்சிச் சட்டமும் சொல்லவில்லை. அரசுப் பள்ளி எல்லாப் பிள்ளைக்கும் கல்வி தரக் கடமைப்பட்டது. ஒரு பிள்ளை தனியார் பள்ளியில் சேர உதவ வேண்டும் என்ற கடமை அதற்குக் கிடையாது. எனவே ஆபீஸில் டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போது உரிமையோடு கேட்கலாம். ஆசிரியரிடம் பரிந்துரை கேட்கும்போது உதவியாகத்தான் கேட்க வேண்டும். பாதிப் பெற்றோர் இந்த இரண்டையும் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆபீஸ் கிளார்க்கிடம் குழைவார்கள், ஆசிரியரிடம் அதட்டுவார்கள்.

ஒரு சின்ன விலகல். நான் அரசுப் பள்ளி என்று சொல்வது இங்கே 'பப்ளிக் ஸ்கூல்' எனப்படுவதை. இங்கிலாந்தில் அதே சொல்லுக்கு ஈட்டன் மாதிரியான கட்டணப் பள்ளி என்று பொருள். லண்டன் சொந்தக்காரர்களோடு பேசும்போது இதனால் பாதிப் பேச்சு வீணாகும்.

சரி, விதி என்று அவர் சொன்னது என்னவாக இருக்கும்? அமெரிக்காவில் இதற்கு ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு ஊரின் பள்ளி நிர்வாகமும், அதாவது டிஸ்ட்ரிக்ட், தனக்கென்று வைத்துக்கொள்ளும். பல இடங்களில் அந்தந்தப் பள்ளி முதல்வரே வைப்பார். சில டிஸ்ட்ரிக்டுகளில் ஆசிரியர்கள் வெளிப் படிவத்தைத் தொடவே கூடாது. அதற்குப் பதிலாக டிஸ்ட்ரிக்டே ஒரு பக்கத்தில் ஒரு பொதுப் படிவம் வைத்திருக்கும், எந்தத் தனியார் பள்ளி கேட்டாலும் அதுதான் போகும், அல்லது டிரான்ஸ்கிரிப்ட் மட்டும் போகும். வேறு சில இடங்களில் ஆசிரியர் எழுதலாம், ஆனால் எல்லாம் ஆபீஸ் வழியாக. பெற்றோர் ஒரு பொட்டலமாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், இத்தனை வாரம் முன்னதாக, இத்தனை பள்ளிக்கு மேல் கூடாது, நிரப்பியதைப் பெற்றோர் கையில் தர மாட்டோம். மூன்றாவது வகை, எல்லாம் ஆசிரியர் விருப்பம் என்று விட்டுவிடுவது. இதில் ஒரே நடைபாதையில் எதிரெதிர் அறையில் இருக்கும் இருவர் இரண்டு பதில் சொல்வார்கள்.

உங்களுக்கு நடந்தது இந்த மூன்றாவது வகையாக இருக்கலாம் என்று என் சந்தேகம். ஆங்கில ஆசிரியை சரி என்றதே துப்பு. எழுதிவைத்த தடை இருந்திருந்தால் அவரும் மறுத்திருப்பார். ஒன்று அந்த ஆசிரியைக்கு விதி தெரியாது, அல்லது கணக்கு ஆசிரியர் தன் சொந்த வழக்கத்தை 'விதி' என்று மரியாதையாகச் சொல்கிறார். ஆசிரியர்கள் அப்படிச் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். 'எனக்கு நேரமில்லை' என்பதைவிட 'விதி இடம் தராது' என்பது சொல்லவும் கேட்கவும் சுலபம். அதற்காக அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். பிடித்து என்ன லாபம்? வேண்டாவெறுப்பாக ஒருவர் நிரப்பும் கட்டங்களை வைத்து உங்கள் மகளுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எல்லாவற்றுக்கும் நடுக் கட்டத்தில் டிக் அடித்து, எழுத்துக் கேள்விகளை வெறுமையாக விட்ட படிவத்தைவிட, படிவமே வராமல் அதற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டிருப்பது மேல். பல நேரம் ஓர் ஆசிரியர் மறுப்பதும் நல்ல எண்ணத்தில்தான். என்னால் இந்தப் பிள்ளையைப் பற்றி உற்சாகமாக எழுத முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று நேராகச் சொல்ல முடியாமல் சுற்றி வளைத்துச் சொல்வார்கள்.

நேரம் என்றேனே, அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், கணக்கு டீச்சர் இல்லையா. நடுநிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு ஐந்து வகுப்பு, வகுப்புக்கு முப்பது பேர் என்றால் 150 பிள்ளைகள். எட்டாம் வகுப்பில் 18 பேர் தனியார் பள்ளிக்குப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்று பள்ளி. பள்ளிக்கு ஒரு படிவம் என்றால் 54 படிவம். ஒன்றுக்கு அரை மணி என்றால் 27 மணி நேரம், சம்பளம் இல்லாமல், டிசம்பரில், செமஸ்டர் மதிப்பெண் போட வேண்டிய அதே வாரங்களில். இன்று நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. ரவென்னா போன்ற இணையதளங்களில் பொதுப் படிவம் இருக்கிறது. ஆசிரியர் ஒரு பிள்ளைக்கு ஒரு தடவை நிரப்பினால், அந்தப் படிவத்தை ஏற்கும் பள்ளிகளுக்கெல்லாம் அதுவே போகும். அப்படியானால் 54, 18 ஆகிறது. ஆனால் எல்லாப் பள்ளியும் ஒரே தளத்தில் இல்லை. தன் படிவம்தான் வேண்டும் என்று நிற்கும் பள்ளியும் உண்டு.

இந்த வேலை ஒப்பந்தத்தில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆசிரியர் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் சம்பளத் தகராறு வரும் ஆண்டுகளில், வேலைநிறுத்தத்துக்கு முந்தைய படியாக, ஒப்பந்தத்தில் உள்ளதை மட்டும் செய்வோம் என்று ஆசிரியர்கள் முடிவெடுப்பார்கள். அப்போது முதலில் நிற்கும் வேலைகளில் பரிந்துரைக் கடிதமும் ஒன்று. உங்கள் டிஸ்ட்ரிக்டில் இப்போது அப்படி ஏதும் நடக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள்.

நேரத்தைத் தவிர இன்னொரு காரணம் இருக்கிறது, அதை எந்த விதியும் எழுதிவைக்காது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் முதலில் ஒரு விதியும் இல்லை, கேட்டவர்களுக்கு எழுதினோம். ஒரு மார்ச் மாதம் ஓர் அப்பா ஆபீஸ் கவுண்டரில் வந்து நின்றார். மகனுக்கு எந்தப் பள்ளியிலும் இடம் கிடைக்கவில்லை. ஆசிரியர் என்ன எழுதினார் என்று எனக்கு நகல் வேண்டும், இல்லாவிட்டால் வக்கீலோடு வருவேன் என்றார். அவர் தேடிய ஆசிரியை நான்தான். நான் எழுதியதில் பாதகமாக இருந்தது ஒரே வரி, பிறர் திருத்துவதைச் சட்டென்று ஏற்க மாட்டான் என்று. உண்மை அது. அது மட்டும் காரணமாக இருக்காது என்றும் எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த இரண்டு மாதம் அந்தப் பையனின் முகத்தை நேராகப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அடுத்த இலையுதிர் காலத்தில் முதல்வர் விதி போட்டார்: எல்லாம் ஆபீஸ் வழியாக, பதினைந்து பள்ளி நாள் முன்னதாக, பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதலோடு. விதிப்புத்தகத்தில் வறட்சியாகக் கிடக்கும் ஒரு பத்திக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு மார்ச் மாதம் இருக்கும்.

பிள்ளை போனால் பள்ளிக்குப் பணம் போகும், அதனால்தான் தடுக்கிறார்கள் என்ற பேச்சு வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிறது. அதில் ஒரு துளி உண்மை உண்டு. கலிபோர்னியாவில் பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளுக்கு மாநில நிதி சராசரி தினசரி வருகையை வைத்துத்தான் வருகிறது; ஒரு பிள்ளை குறைந்தால் வருமானமும் குறையும். ஆனால் பாலோ ஆல்டோ போல, உள்ளூர் சொத்து வரியே தேவைக்கு மேல் இருப்பதால் அந்தக் கணக்குக்குள் வராத டிஸ்ட்ரிக்டுகளும் இருக்கின்றன. அங்கே பிள்ளை போனால் வருமானம் குறைவதில்லை. அதைவிட முக்கியம், இந்தக் கணக்கெல்லாம் டிஸ்ட்ரிக்ட் தலைமை அலுவலகத்தில் நடப்பது. வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கு ஒரு பிள்ளை போனால் சம்பளத்தில் ஒரு சென்ட் குறையாது. திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு கொஞ்சம் மெலியும், அவ்வளவுதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் அவர் சொன்னதையே செய்யுங்கள், ஆபீஸில் கேளுங்கள். 'மறுத்துவிட்டார்' என்று தொடங்க வேண்டாம். தனியார் பள்ளி விண்ணப்பங்களுக்கு உங்கள் பள்ளியின் நடைமுறை என்ன, அது எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் பள்ளி இணையதளத்தில் கவுன்சிலர், அதாவது மாணவர் ஆலோசகர், பக்கத்திலோ மாணவர் கையேட்டிலோ இருக்கும். எழுத்தில் தடை இருந்தால் அதுதான் உங்கள் கையில் கிடைக்கும் நல்ல காகிதம். அந்த இணைப்பை இரண்டு தனியார் பள்ளிகளின் சேர்க்கை அலுவலகத்துக்கும் அனுப்பி, எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் வெளிப் படிவம் நிரப்ப அனுமதி இல்லை, அதற்குப் பதிலாக எதை ஏற்பீர்கள் என்று கேளுங்கள். நடுங்க வேண்டாம். சுற்றுவட்டாரத்து எந்தப் பள்ளியில் என்ன விதி என்று அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், ஆண்டுதோறும் அங்கிருந்து விண்ணப்பங்கள் வருகின்றனவே. டிஸ்ட்ரிக்டின் பொதுப் படிவம், கவுன்சிலர் அல்லது முதல்வரின் அறிக்கை, போன ஆண்டுக் கணக்கு ஆசிரியரின் கடிதம், ஆசிரியர் திருத்திய ஒரு விடைத்தாள் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள்.

எழுத்தில் தடை இல்லை என்று தெரிந்தால், ஆசிரியரிடம் இரண்டாம் முறை ஒரே ஒரு தடவை கேட்கலாம். அந்தத் தடவை நீங்கள் கேட்க வேண்டாம், மகள் கேட்கட்டும். பதிமூன்று வயதுப் பெண் மதிய இடைவேளையில் போய், சார், இந்தப் பள்ளியில் எனக்கு ஏன் சேர ஆசை தெரியுமா என்று இரண்டு நிமிடம் பேசினால், அம்மா எழுதும் நான்கு பத்தி மின்னஞ்சல் அதற்கு ஈடாகாது. அவர் தலையசைத்தால் அதன் பிறகு நீங்கள் எழுதுங்கள்: எந்தெந்தப் பள்ளி, கடைசித் தேதி என்ன, எந்தத் தளத்திலிருந்து அவருக்கு இணைப்பு வரும், இரண்டு பள்ளிக்கும் ஒரே படிவமா. இவ்வளவு போதும். மறுபடியும் முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். முதல்வரை நகலில் போட்டு அழுத்தம் கொடுக்காதீர்கள். அப்படி வரும் மின்னஞ்சலை ஆசிரியர் அறையில் எல்லோரும் படிப்போம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கூடவே நம் வீட்டு வழக்கங்களில் சிலவற்றைத் தள்ளிவைக்க வேண்டும். கடிதத்தை நீங்களே எழுதி, கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று அனுப்பாதீர்கள்; ஊரில் அது உதவி, இங்கே அது பொய் சாட்சி கேட்பது போல. கூமோன் டியூஷன், பரதநாட்டிய அரங்கேற்றம், ஸ்பெல்லிங் பீ, பியானோ என்று மூன்று பக்கப் பட்டியலும் தேவையில்லை. அதற்கெல்லாம் விண்ணப்பத்திலேயே இடம் இருக்கிறது. கணக்கு ஆசிரியரால் சொல்ல முடிவது கணக்கு வகுப்பில் நடந்ததை மட்டுமே. வேண்டுமானால் மகள் தன் கையால் அரைப் பக்கம் எழுதித் தரலாம், இந்த வகுப்பில் எனக்குக் கடினமாக இருந்த பாடம் இது, இப்படிச் சமாளித்தேன் என்று. அது எனக்கு உண்மையாகவே உதவியிருக்கிறது. 150 பிள்ளைகளில் யார் எந்த வாரம் எதில் தடுக்கினாள் என்பது எல்லாம் நினைவில் நிற்பதில்லை.

பரிசு விஷயத்திலும் கவனம். அரசுப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியர். மாசசூசெட்ஸில் 50 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பரிசை அவர் வாங்குவது மாநிலச் சட்டப்படி தவறு. வேறு இடங்களில் டிஸ்ட்ரிக்ட் விதிகள் இருக்கும். படிவம் அனுப்பும் முன் கிஃப்ட் கார்டு கொடுத்தால் அதற்கு ஒரே பெயர்தான். எல்லாம் முடிந்த பிறகு மகள் கையால் எழுதிய ஒரு நன்றி அட்டை போதும். தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு கொண்டுவந்தவர்களை யாரும் தப்பாக நினைத்ததில்லை, ஆனால் அது படிவத்தோடு ஒரே நாளில் வர வேண்டாமே.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த யோசனையை வாட்ஸ்அப்பில் யாரோ கண்டிப்பாக உங்களுக்குச் சொல்வார்கள். கணக்கு ஆசிரியர் என்ற இடத்தில் டியூஷன் சென்டர் ஆசிரியரின் மின்னஞ்சலைப் போட்டுவிடாதீர்கள். பள்ளி ஆசிரியர் என்று கேட்கும் இடத்தில் வேறொருவரைக் காட்டுவது விண்ணப்பத்தில் பொய் சொல்வது. கண்டுபிடிப்பதும் கடினமில்லை, மின்னஞ்சல் முகவரியே பள்ளியுடையதாக இருக்காது. டியூஷன் ஆசிரியர், நடன ஆசிரியர், பயிற்சியாளர் போன்றோருக்குக் கூடுதல் பரிந்துரை என்று தனி இடம் வைத்திருப்பார்கள். அங்கே போடலாம். அது ஊறுகாய், சோறு ஆகாது.

எழுதினால் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். பரிந்துரைப் பகுதியிலேயே பல தளங்கள் உங்களிடம் ஒப்புதல் வாங்கும், இது ரகசியம், நாங்கள் பார்க்கக் கேட்க மாட்டோம் என்று. ஆசிரியர் இணையத்தில் நிரப்பி அனுப்பினால் அது நேரே தனியார் பள்ளிக்குப் போகிறது. உங்கள் பக்கத்தில் 'வந்துவிட்டது' என்று மட்டும் காட்டும். அரசுப் பள்ளி அதன் நகலை மகளின் கோப்பில் வைத்திருந்தால் அது பதிவேட்டுக் கணக்கில் வரும், கேட்டுப் பார்க்க வழி உண்டு. அதனால்தான் பல ஆசிரியர்கள் நகல் வைப்பதில்லை. தனியார் பள்ளியிடம் கேட்கலாம் என்றால், தொடக்க, உயர்நிலைத் தனியார் பள்ளிகள் பொதுவாகக் கூட்டாட்சி நிதி வாங்குவதில்லை, அதனால் ஃபெர்பா அவற்றைக் கட்டுப்படுத்தாது. விட்டுவிடுங்கள்.

உங்கள் மகளுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், இருந்தாலும் படிக்கும் மற்றவர்களுக்காக. பிள்ளைக்கு ஐ.இ.பி. அல்லது 504 திட்டம் (குறைபாடுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி எழுத்தில் தரும் உதவித் திட்டங்கள்) இருந்தால், ஆசிரியர் அதைப் பற்றிப் படிவத்தில் வாய் திறக்கக் கூடாது என்று பல பள்ளிகள் சொல்லிவைத்திருக்கும். உடல்நலம், குறைபாடு, ஒழுங்கு நடவடிக்கை இதெல்லாம் பதிவேட்டில் உள்ளவை, பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் ஓர் ஆசிரியர் தன் இஷ்டத்துக்கு எழுதக் கூடியவை அல்ல. சில ஆசிரியர்கள் வெளிப் படிவத்தைக் கண்டாலே ஒதுங்குவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்; படிவங்களில் அதைத் தோண்டும் கேள்விகள் உண்டு. தனியார் பள்ளிக்கு அது தெரிய வேண்டும் என்று நினைத்தால் நீங்களே சொல்லுங்கள், அல்லது எதை எழுதலாம் என்று ஆசிரியருக்கு எழுத்தில் அனுமதி கொடுங்கள்.

சேர்க்கையில் ஆசிரியர் பரிந்துரை நியாயமான அளவுகோல்தானா என்ற கேள்வி இங்கே எல்லோரும் கேட்பதுதான். வர்ஜீனியாவில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருக்கும் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் உயர்நிலைப் பள்ளி, அரசுப் பள்ளிதான், நம்மவர்கள் அதிகம் குறிவைப்பது. 2020இல் சேர்க்கை முறையை மாற்றியபோது நுழைவுத் தேர்வோடு ஆசிரியர் பரிந்துரையையும் எடுத்துவிட்டார்கள். அந்த மாற்றத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024இல் அது விசாரிக்க மறுத்ததோடு முடிந்தது. வழக்கு இனப் பாகுபாடு பற்றியது, பரிந்துரை பற்றி இல்லை. ஆனால் பரிந்துரை எடுபட்டதில் எனக்கு வருத்தமில்லை. நேரம் இருக்கும் ஆசிரியர் கிடைத்த பிள்ளைக்கு ஒரு பக்கம், கிடைக்காத பிள்ளைக்கு இரண்டு வரி என்பதை நான் கண்ணால் பார்த்தவள். தனியார் பள்ளிகள் இதை விடப்போவதில்லை, அவர்களுக்கு மதிப்பெண்ணைத் தாண்டிப் பிள்ளையைக் காட்டும் சன்னல்களில் இதுவும் ஒன்று.

கடைசியாக நாட்கணக்கு. உங்கள் பக்கத்தில் விண்ணப்பக் கடைசித் தேதி பெரும்பாலும் ஜனவரி முதல் பாதியில், முடிவு மார்ச்சில். ஜனவரி என்று நினைத்து டிசம்பர் கடைசியில் கேட்டால் பள்ளியே இருக்காது. இரண்டு வாரம் குளிர்கால விடுமுறை, ஆபீஸும் பூட்டிக் கிடக்கும். நவம்பர் கடைசி வாரம் தேங்க்ஸ்கிவிங்கில் போய்விடும். ஆக உங்களுக்குக் கையில் இருப்பது தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய வாரங்கள். டிரான்ஸ்கிரிப்ட் ஒப்புதல் படிவத்தை ஆசிரியர் பதிலுக்குக் காத்திராமல் இந்த வாரமே ஆபீஸில் கொடுங்கள். ஆங்கில ஆசிரியைக்கு இணைப்பு போய்ச் சேர்ந்ததா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். டிஸ்ட்ரிக்ட் மின்னஞ்சல் வடிகட்டி இந்தத் தளங்களின் கடிதங்களைக் குப்பையில் தள்ளுவது சாதாரணம். என் மகளின் ஆசிரியர் மூன்று வாரம் எழுதாமல் இருக்கிறார் என்று நான் மனதுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இணைப்பே வந்திருக்கவில்லை. நான் அவர் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு முகவரி அடித்திருந்தேன்.